டாஸ்க் செத்தும் ஹீட்டர் அணையவில்லையா? மைக்ரோபைத்தான் ஏசிங்க்-ஐஓ: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மைக்ரோகண்ட்ரோலரில் ஓடும் நிரல் பிழையில் விழுந்தால் இரண்டு வேலைகள் பாக்கி நிற்கும். விழுந்த டாஸ்க்கோடு (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) சேர்ந்து ஓடிய மற்ற டாஸ்க்குகளை முறையாக முடிப்பது ஒன்று. அவை பிடித்து வைத்திருந்த போர்டின் பின் (இணைப்புக் கால்), டைமர், சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு), லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்தப் போடும் பூட்டு) எல்லாவற்றையும் விடுவிப்பது இன்னொன்று. கணினியில் இரண்டாவது வேலையின் பெரும்பகுதியை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். மைக்ரோபைத்தான் (மைக்ரோகண்ட்ரோலருக்கான சிறிய பைத்தான்) ஓடும் போர்டில் அந்த வேலையைச் செய்ய உங்கள் நிரலைத் தவிர வேறு ஆள் கிடையாது. நிரல் நின்றுபோனாலும் ஹீட்டருக்குப் போகும் பின் 'ஹை'யிலேயே நிற்கும்.

இந்தக் குறிப்பு மைக்ரோபைத்தானின் ஏசிங்க்-ஐஓ டாஸ்க்குகளைப் பற்றியது. பல டாஸ்க்குகளை ஒரே லூப்பில் முறை மாற்றி ஓட்டும் மாட்யூல் அது. 2020-இல் வந்த 1.13 பதிப்பில் இந்த மாட்யூல் முழுக்கத் திருத்தி எழுதப்பட்டது. 2023-இல் வந்த 1.21 பதிப்பில் பெயருக்கு முன்னிருந்த 'யு' எழுத்து போனது. கீழே சொல்வது 1.13-க்குப் பிந்தைய அமைப்புக்குப் பொருந்தும். ஆர்பி2040, ஈஎஸ்பி32 என்ற இரண்டு மைக்ரோகண்ட்ரோலர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணினிப் பைத்தானில் லூப்பை ஓட்டும் 'ரன்' முடியும்போது, மிச்சமிருக்கும் டாஸ்க்குகளை அதுவே கேன்சல் செய்து, அவை முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் திரும்பும். மைக்ரோபைத்தானின் 'ரன்' அப்படிச் செய்யாது. மெயின் கோரூட்டீன் (இடையில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்) முடிந்தாலும் சரி, பிழையில் விழுந்தாலும் சரி, உடனே திரும்பிவிடும். மற்ற டாஸ்க்குகள் லூப்பின் வரிசையில் நின்ற நிலையிலேயே உறைந்து கிடக்கும். அவற்றின் ஃபைனலி பகுதிகள் (ட்ரை எப்படி முடிந்தாலும் ஓட வேண்டிய துப்புரவு வரிகள்) ஓடியிருக்காது. கணினியில் பழகிய கையோடு போர்டுக்கு வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீழே வரும் அறிகுறிகளில் பல இதன் கிளைகளே.

தொடங்குமுன்

எந்த அறிகுறியைத் தேடினாலும் இரண்டு கருவிகளை முதலில் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, துடிப்பு டாஸ்க். 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போர்டின் எல்இடியை மாற்றிவிட்டுத் தூங்குவது மட்டுமே அதன் வேலை. எல்இடி சீராகத் துடித்தால் லூப் உயிரோடு இருக்கிறது, கோளாறு ஏதோ ஒரு டாஸ்க்குக்குள் இருக்கிறது. திக்கித் திக்கித் துடித்தால் ஏதோ ஒரு டாஸ்க் இடம் விடாமல் நெடுநேரம் ஓடுகிறது. அடியோடு நின்றிருந்தால் ஒரு டாஸ்க் லூப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அல்லது லூப்பே முடிந்துவிட்டது.

இரண்டாவது, லூப்பின் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர். 'கெட் ஈவென்ட் லூப்' தரும் பொருளில் 'செட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர்' என்ற மெத்தட் இருக்கிறது. யாரும் அவெயிட் செய்யாத (முடிவுக்காகக் காத்திராத) டாஸ்க் பிழையில் விழுந்தால் இந்த ஹேண்ட்லர் அழைக்கப்படும். நீங்கள் எதுவும் பொருத்தாவிட்டால், இயல்பு ஹேண்ட்லர் சீரியல் வழியே ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு வேலையைத் தொடரும். யுஎஸ்பி கேபிள் இணைக்காத போர்டில் அந்தச் செய்தியைப் படிக்க ஆள் ஏது? ஆகவே உங்கள் ஹேண்ட்லர் பிழையை ஒரு ஃபைலிலும் எழுதட்டும். 'சிஸ்' மாட்யூலின் 'பிரிண்ட் எக்ஸெப்ஷன்' ஃபைலையும் ஏற்றுக்கொள்ளும். ஃபிளாஷ் மெமரி தேயும் பொருள் என்பதால், ஒரு விழுகைக்கு ஒருமுறை மட்டும் எழுதுங்கள்.

அறிகுறி: கண்ட்ரோல்-சி அடித்தால் ப்ராம்ப்ட் வருகிறது, ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது

மோட்டார் டாஸ்க்கில் ஃபைனலி எழுதி, அதில் பின்னை 0 ஆக்கியிருப்பீர்கள். அது ஏன் ஓடவில்லை?

கண்ட்ரோல்-சி அடிக்கும்போது எழும் கீபோர்டு இண்டரப்ட், அந்த நொடியில் எந்த வரி ஓடிக்கொண்டிருந்ததோ அங்கே எழும். அது உங்கள் மோட்டார் கோரூட்டீனுக்குள் எழுந்தால் அதன் ஃபைனலி ஓடும். ஆனால் ஒழுங்காக எழுதிய கூட்டு டாஸ்க்குகள் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். லூப் அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் இடத்தில்தான் இண்டரப்ட் விழும். அங்கிருந்து நேரே 'ரன்'னைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். ஒரு டாஸ்க்கின் ஃபைனலியும் ஓடாது. கைவிடப்பட்ட கோரூட்டீனைப் பின்னால் கார்பேஜ் கலெக்டர் அள்ளும்போதாவது ஓடுமா என்றால், மைக்ரோபைத்தானில் அப்போதும் ஓடாது.

ஆகவே என் உறுதியான கருத்து: வன்பொருளின் பாதுகாப்பை எந்த டாஸ்க்கின் ஃபைனலியிடமும் ஒப்படைக்கக் கூடாது. டாஸ்க்குக்குள் இருக்கும் ஃபைனலி ஒழுங்குக்காக இருக்கட்டும். பாதுகாப்புக்கு, லூப்புக்கு வெளியே, அவெயிட் ஒன்றுகூட இல்லாத சாதாரண ஃபங்ஷன் ஒன்று தனியாக வேண்டும். அதை 'பத்திரநிலை' என்று வைத்துக்கொள்வோம்.

பத்திரநிலை ஃபங்ஷன் எப்படி இருக்க வேண்டும்? ஆபத்தான வெளியீடுகளை முதலில் அணைக்க வேண்டும்: ஹீட்டர், மோட்டார், வால்வு, அதற்குப் பிறகுதான் மற்றவை. ஒவ்வொரு அணைப்பும் தனித்தனி ட்ரைக்குள் இருக்கட்டும், ஒன்று பிழையில் விழுந்தால் அடுத்தது தடைபடக் கூடாது. எத்தனை முறை அழைத்தாலும் பாதகமில்லாமல் இருக்க வேண்டும். ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் (சென்சார் போன்றவற்றோடு பேசும் இரு ஒயர் இணைப்பு) எதையும் பேசக் கூடாது, கோளாறுக்குக் காரணமே அந்த பஸ்ஸாக இருக்கலாம். புதிதாக எழுத்துச்சரம் எதையும் உருவாக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் மெமரி தீர்ந்ததால் விழுந்த நிரலிலும் இது ஓடியாக வேண்டும்.

பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் அலை) பின்களுக்கு ஒரு கூடுதல் கவனம். வெறும் 'டீஇனிட்' மட்டும் செய்தால், சில போர்டுகளில் அலை எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில் பின் நின்றுவிடும். அது ஹையாக இருந்தால் மோட்டார் முழு வேகத்தில் போகும். டியூட்டியை (அலை ஹையில் நிற்கும் பங்கை) 0 ஆக்குங்கள், டீஇனிட் செய்யுங்கள், அதன் பிறகு அதே பின்னை அவுட்புட்டாக மறுபடி அமைத்து மதிப்பு 0 கொடுங்கள். மூன்றையும் இதே வரிசையில்.

வன்பொருள் டைமர்களும் பின் இண்டரப்ட்டுகளும் லூப்பைச் சேர்ந்தவை அல்ல. ப்ராம்ப்ட் வந்த பிறகும் திரையில் எழுத்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தால், ஒரு டைமர் இன்னும் தன் கால்பேக்கை அழைத்துக்கொண்டிருக்கிறது. டைமருக்கு டீஇனிட், பின் இண்டரப்ட்டுக்கு ஹேண்ட்லரை 'நன்' ஆக்குவது: இரண்டும் பத்திரநிலைக்குள் வர வேண்டும்.

இனி நிரலின் கடைசிப் பகுதி இப்படி அமையும். ட்ரைக்குள் 'ரன்', அதன் ஃபைனலியில் முதலில் பத்திரநிலை, அடுத்து ஏசிங்க்-ஐஓவின் 'நியூ ஈவென்ட் லூப்'. இரண்டாவது எதற்கு என்பதைத்தான் அடுத்த அறிகுறி சொல்கிறது.

அறிகுறி: இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாம் இரட்டிப்பாக நடக்கிறது

முதல் ஓட்டத்தில் வெப்பநிலை நொடிக்கு ஒருமுறை அச்சாகிறது. நிறுத்திவிட்டு, ப்ராம்ப்ட்டிலிருந்தே மறுபடி மெயினை அழைத்தால் நொடிக்கு இருமுறை அச்சாகிறது. மூன்றாம் தடவை மும்முறை. மாற்றிய குறிமுறையோடு பழைய குறிமுறையும் சேர்ந்தே ஓடுவதுபோல் தெரியும். அப்படித்தான் ஓடவும் செய்கிறது.

மைக்ரோபைத்தானில் லூப் ஒன்றே ஒன்றுதான். அதன் வரிசை மாட்யூலின் உலகளாவிய நிலையில் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் உறைந்த டாஸ்க்குகள் அங்கேயே கிடக்கின்றன, அடுத்த 'ரன்' லூப்பைச் சுழற்றியதும் அவை விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடுகின்றன. 'நியூ ஈவென்ட் லூப்' என்ற பெயரைப் பார்த்தால் புது லூப் ஒன்றை உருவாக்குவதுபோல் தோன்றும். இங்கே அது செய்வது இருக்கும் லூப்பின் வரிசையைத் துடைப்பதைத்தான். அதனால் 'ரன்'னுக்குப் பிறகு ஃபைனலியில் அதை அழைப்பது கட்டாயம்.

அது வரிசையை மட்டுமே துடைக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த டாஸ்க்கையும் கேன்சல் செய்யாது, ஃபைனலியை ஓட்டாது, சாக்கெட்டை மூடாது. முறையான கேன்சல் வேண்டுமென்றால் அது லூப் ஓடும்போதே, மெயினின் ஃபைனலியில் நடந்திருக்க வேண்டும்.

கண்ட்ரோல்-டி அடித்து சாஃப்ட் ரீசெட் செய்தால் ஹீப் (நிரலின் பொருள்கள் இருக்கும் மெமரி) முழுவதும் புதிதாவதால் இந்தத் தொல்லை வராது. கணினியிலிருந்து போர்டை இயக்கும் எம்பி-ரிமோட் கருவி தன் முதல் கட்டளைக்கு முன்பே தானாக சாஃப்ட் ரீசெட் செய்துவிடும். அதனால் அந்தக் கருவியால் ஓட்டுபவரின் மேசையில் இந்த அறிகுறி மறைந்தே இருக்கும். பிழையில் விழுந்ததும் 'ரன்'னை மறுபடி அழைக்கும் நிரலைக் களத்தில் வைத்த பிறகுதான் வெளியே வரும்.

அறிகுறி: ஒரு டாஸ்க் மட்டும் சத்தமில்லாமல் செத்துவிட்டது, மற்றவை எதுவும் நடக்காததுபோல் ஓடுகின்றன

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். கிட்டப் போய்ப் பார்ப்போம்.

இரண்டு டாஸ்க்குகள். ஒன்று நொடிக்கு ஒருமுறை ஐ-ஸ்கொயர்-சி சென்சாரைப் படித்து, வெப்பநிலையை ஒரு பொது மாறியில் வைக்கிறது. மற்றொன்று அந்த மாறியைப் பார்த்து, 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஹீட்டரைப் போடுகிறது, மேலே போனால் அணைக்கிறது. சென்சார் ஒயர் லேசாகக் கழன்றுகொள்கிறது. ஆர்பி2040-இல் அடுத்த வாசிப்பு 'ஓஎஸ் எரர்', எண் 5 என்று எழுகிறது. சென்சார் டாஸ்க்கில் அதைப் பிடிக்க யாருமில்லை, டாஸ்க் அங்கேயே முடிந்தது. இயல்பு ஹேண்ட்லர் ஒரு செய்தியை அச்சிட்டது. பொது மாறியில் கடைசியாக எழுதிய 38 அப்படியே நிற்கிறது. ஹீட்டர் டாஸ்க் நொடிக்கு நொடி அதைப் பார்க்கிறது: 38, இன்னும் 40 ஆகவில்லை. ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. எல்இடியும் அழகாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு மாற்றங்கள் வேண்டும், இரண்டுமே வேண்டும்.

முதல் மாற்றம் தரவில். வெப்பநிலையோடு அது படித்த நேரத்தையும் 'டிக்ஸ் எம்எஸ்' கொண்டு சேர்த்து வையுங்கள். ஹீட்டர் டாஸ்க் 'டிக்ஸ் டிஃப்' வைத்து அதன் வயதைப் பார்க்கட்டும். 3 நொடிக்கு மேல் பழசானால், மதிப்பு என்னவாக இருந்தாலும் ஹீட்டர் அணைய வேண்டும். இரண்டு நேரங்களை வெறுமனே கழிக்காதீர்கள். அந்த எண்ணி ஒரு வரம்புக்குப் பிறகு 0-விலிருந்து மறுபடி தொடங்கும், 'டிக்ஸ் டிஃப்' மட்டுமே அதைச் சரியாகக் கையாளும்.

இரண்டாவது மாற்றம் அமைப்பில். எந்த டாஸ்க்கையும் உருவாக்கிவிட்டு மறந்துபோகாதீர்கள். ஒவ்வொரு வேலையாளையும் ஒரு காவல் கோரூட்டீனுக்குள் வைத்து ஓட்டுங்கள். அது வேலையாளை ட்ரைக்குள் அவெயிட் செய்யும், பிழை எழுந்தால் அந்தப் பிழையை ஒரு மாறியில் வைத்துவிட்டுப் பொதுவான ஒரு ஈவென்ட்டை (டாஸ்க்குகள் காத்திருக்கக்கூடிய சைகை) 'செட்' செய்யும். மெயினுக்கு வேலை ஒன்றே: அந்த ஈவென்ட்டுக்காகக் காத்திருப்பது. ஈவென்ட் வந்ததும் மெயினின் ஃபைனலி முதலில் பத்திரநிலையை அழைக்கும். அடுத்து, பட்டியலில் உள்ள டாஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றில் கேன்சல் செய்யும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ரைக்குள் அவெயிட் செய்யும். கேன்சல் ஆன டாஸ்க்கை அவெயிட் செய்தால் 'கேன்சல்டு எரர்' அவெயிட் செய்தவர் மேல் எழும். அதைப் பிடிக்காவிட்டால் முதல் டாஸ்க்கோடு துப்புரவு நின்றுவிடும், மீதி அப்படியே கிடக்கும்.

பல டாஸ்க்குகளைச் சேர்த்து அவெயிட் செய்யும் 'கேதர்' போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஒரு டாஸ்க் பிழையில் விழுந்தால் பிழை மெயினுக்கு வந்து சேரும், அதுவரை சரி. ஆனால் அதன் கூட்டாளிகளை அது நிறுத்தாது, அவை தொடர்ந்து ஓடும். பட்டியல் உங்கள் கையில் இருந்தால்தான் அவற்றை நிறுத்த முடியும்.

விழுந்த டாஸ்க்கை மட்டும் மறுபடி எழுப்புவதா, எல்லாவற்றையும் நிறுத்துவதா? வைஃபை இணைப்பு, திரையில் எழுதுவது போன்றவற்றை எழுப்பலாம், தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போய் எழுப்புங்கள். சென்சாரும் ஹீட்டரும் போல ஒன்றை நம்பி மற்றொன்று இயங்குமானால் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு, சேர்த்தே எழுப்புவதுதான் நியாயம்.

அறிகுறி: கேன்சல் சொல்லியும் டாஸ்க் சாகவில்லை

இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. அடிக்கடி வருவதிலிருந்து தொடங்குகிறேன்.

வெறும் எக்ஸெப்ட். சுழலுக்குள் எதையும் குறிப்பிடாமல் எக்ஸெப்ட் எழுதி, பிழையை அச்சிட்டுவிட்டுச் சுழலைத் தொடர்வது பலருக்கும் கைவந்த பழக்கம். கேன்சல் என்பது அந்தக் கோரூட்டீனுக்குள் 'கேன்சல்டு எரர்' என்ற எக்ஸெப்ஷனை எழுப்புவதுதான். வெறும் எக்ஸெப்ட் அதையும் விழுங்கிவிடும், டாஸ்க் சாகா வரம் பெற்றுவிடும். 'கேன்சல்டு எரர்' நேரே 'பேஸ் எக்ஸெப்ஷன்' வழி வந்தது. ஆகவே 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று குறிப்பிட்டு எழுதினாலே அது மாட்டாமல் கடந்து போகும். கணினிப் பைத்தானிலும் 3.8 பதிப்பிலிருந்து இதே நிலைதான். கேன்சலைப் பிடித்து ஏதாவது செய்தே ஆகவேண்டுமென்றால், செய்துவிட்டு 'ரெய்ஸ்' சொல்லி மறுபடி எழுப்புங்கள். விழுங்கும் டாஸ்க்கால் இன்னொரு விளைவும் உண்டு: 'வெயிட் ஃபார்' கெடு முடிந்ததும் உள்ளே இருப்பதை கேன்சல் செய்து, அது முடியும்வரை காத்திருக்கும். உள்ளே இருப்பது சாகாவிட்டால், 5 நொடிக் கெடு போட்ட வரி முடிவே இல்லாமல் தொங்கும்.

இடம் விடாத சுழல். கேன்சல் டாஸ்க்கைச் சென்றடைவது அவெயிட்டில் மட்டும்தான். பைட்டுகளை எண்ணிக்கொண்டு அவெயிட் இல்லாமல் ஓடும் நீண்ட சுழலுக்குள் அது நுழையவே முடியாது. அந்த நேரத்தில் கேன்சல் சொல்ல வேண்டிய டாஸ்க்குக்கே முறை வராது. சுழலுக்குள் இடையிடையே 0 மில்லிசெகண்ட் தூக்கம் ஒன்றைச் செருகுங்கள். 'டைம்' மாட்யூலின் 'ஸ்லீப்' எந்தக் கோரூட்டீனிலும் இருக்கக் கூடாது, அது தன் டாஸ்க்கோடு லூப்பையும் சேர்த்தே உறைய வைக்கும். துடிப்பு எல்இடி திக்கினால் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

கேன்சல் உடனடி அல்ல. 'கேன்சல்' அழைப்பு உடனே திரும்பிவிடும். டாஸ்க் அடுத்து ஓடும் முறை வரும்போதுதான் எக்ஸெப்ஷன் எழும். அடுத்த வரியிலேயே பின்னைப் பார்த்தால் ஹையாகத்தான் இருக்கும். கேன்சல் சொன்ன டாஸ்க்கை அவெயிட் செய்த பிறகே அது முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தன்னைத்தானே கேன்சல் செய்வது. இதற்கு 'ரன்டைம் எரர்' வரும். டாஸ்க் தானே முடிய வேண்டுமென்றால் 'ரிட்டர்ன்' போதும். பொதுத் துப்புரவு ஃபங்ஷனை ஏதோ ஒரு டாஸ்க்கிலிருந்து அழைத்து, பட்டியலில் அந்த டாஸ்க்கும் இருந்தால் இதில் மாட்டுவீர்கள். துப்புரவு மெயினில் மட்டும் நடக்கட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்கவே தொடங்காத டாஸ்க். இதைக் கண்டுபிடிப்பது கடினம். மெயினில் ரிலேயை ஆன் செய்கிறீர்கள், அடுத்த வரியில் ரிலே டாஸ்க்கை உருவாக்குகிறீர்கள். அந்த டாஸ்க்கின் ஃபைனலி ரிலேயை அணைக்கும் என்பது திட்டம். டாஸ்க்குக்கு முதல் முறை வருவதற்குள் வேறொன்று விழுந்து எல்லாம் கேன்சல் ஆகிறது. ரிலே டாஸ்க் ட்ரை வரியையே தொட்டிருக்காது, தொடாத ட்ரையின் ஃபைனலி எப்படி ஓடும்? ரிலே ஆனாகவே நிற்கும். அணைக்கும் டாஸ்க்தான் ஆன் செய்ய வேண்டும், அதுவும் தன் ட்ரைக்குள்ளிருந்தே ஆன் செய்ய வேண்டும்.

ஃபைனலிக்குள் அவெயிட் வைக்கலாமா? வைக்கலாம், மோட்டாரை மெதுவாக நிறுத்த அது தேவைப்படும். ஆனால் அந்த அவெயிட்டில் இருக்கும்போது இரண்டாவது கேன்சல் வந்தால் ஃபைனலி பாதியில் அறுந்துபோகும். அணைக்க வேண்டியதை முதல் வரியில் அணைத்துவிட்டு, நளினங்களைப் பிறகு செய்யுங்கள்.

அறிகுறி: பிழைச் செய்தி எதுவுமில்லை, நிரல் தானாக ப்ராம்ப்ட்டுக்குத் திரும்பிவிட்டது

லூப்பின் வரிசையில் எழுப்ப ஒரு டாஸ்க்கும் இல்லை, காத்திருக்க எந்த உள்ளீடும் இல்லை என்றால் மைக்ரோபைத்தானின் லூப் சத்தமில்லாமல் முடிந்து திரும்பிவிடும். எல்லா டாஸ்க்குகளும் ஒரு லாக்கின் வாசலிலோ, இனி வரவே வராத ஈவென்ட்டின் வாசலிலோ நின்றால் இதுதான் நடக்கும்.

இங்கே துடிப்பு டாஸ்க் உங்களை ஏமாற்றும். அது தூங்கி எழுந்துகொண்டே இருப்பதால் லூப் முடியாது, எல்இடி துடிக்கும், வேலை எதுவும் நடக்காது. அடிப்படைக் கோளாறு ஒன்றே. சந்தேகம் வந்தால் துடிப்பு டாஸ்க்கை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ப்ராம்ப்ட் வந்து நின்றால் எல்லோரும் காத்திருப்பில் சிக்கியிருக்கிறார்கள் என்பது உறுதி.

வழக்கமான காரணம்: 'அக்வயர்', 'ரிலீஸ்' இரண்டையும் தனித்தனி வரிகளாக எழுதியிருப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு அவெயிட். அந்த இடத்தில் டாஸ்க் கேன்சல் ஆனாலோ பிழையில் விழுந்தாலோ ரிலீஸ் வரி ஓடாது. மைக்ரோபைத்தானின் லாக்குக்கு உரிமையாளர் என்ற கணக்கு கிடையாது, எடுத்தவர் செத்துவிட்டார் என்று அதற்குத் தெரியாது. 'ஏசிங்க் வித்' கொண்டு எழுதினால் எந்த வழியில் வெளியேறினாலும் லாக் விடுபடும். நிரல் முழுவதும் 'அக்வயர்' என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றையும் மாற்றிவிடுங்கள்.

மற்றொரு காரணம், இண்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து சாதாரண ஈவென்ட்டை 'செட்' செய்வது. ஈவென்ட் அதற்குப் பாதுகாப்பானதல்ல. 'த்ரெட் சேஃப் ஃபிளாக்' மட்டுமே இண்டரப்ட்டிலிருந்து லூப்புக்குச் செய்தி சொல்லத் தகுந்தது. ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்தான் அதற்காகக் காத்திருக்கலாம் என்பதையும் கவனியுங்கள்.

அறிகுறி: சர்வரை மறுபடி தொடங்கினால் முகவரி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வருகிறது

ஆர்பி2040 வைஃபை போர்டில் பிழை எண் 98, ஈஎஸ்பி32-இல் 112. பொருள் ஒன்றே: பழைய சாக்கெட் இன்னும் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'ஸ்டார்ட் சர்வர்' தானே மறுபயன்பாட்டு ஆப்ஷனைப் போட்டுக்கொள்கிறது, ஆகவே அதைச் சேர்த்துப் பார்ப்பதில் பலனில்லை. சர்வர் பொருளை வைத்துக்கொண்டு, மெயினின் ஃபைனலியில் அதை 'குளோஸ்' செய்து, 'வெயிட் குளோஸ்டு'வை அவெயிட் செய்யுங்கள். ஏற்கெனவே வந்து இணைந்த கிளையண்ட்டுகளின் டாஸ்க்குகளை சர்வர் மூடல் நிறுத்தாது. ஒவ்வொரு கிளையண்ட் ஹேண்ட்லரும் தொடங்கியதும் 'கரண்ட் டாஸ்க்' மூலம் தன்னைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும், ஃபைனலியில் நீக்கிக்கொள்ளட்டும்.

அந்த ஃபைனலியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்ட்ரீமின் 'குளோஸ்' மைக்ரோபைத்தானில் உண்மையில் எதையும் மூடுவதில்லை. சாக்கெட்டை மூடும் வேலை 'வெயிட் குளோஸ்டு'வில்தான் இருக்கிறது. முதலாவதை மட்டும் அழைத்துவிட்டுப் போனால் சாக்கெட் ஒவ்வொன்றாகக் கசிந்து, ஒருநாள் புதிய இணைப்பே ஏற்க முடியாமல் போகும்.

அறிகுறி: காலியான மெமரி படிப்படியாகக் குறைகிறது

10 நொடிக்கு ஒருமுறை கார்பேஜ் கலெக்ட் செய்துவிட்டு 'மெம் ஃப்ரீ'யை அச்சிடுங்கள். ஏறி இறங்கினால் கவலையில்லை. ஒவ்வொரு மறு இணைப்புக்கும் ஒரு படி கீழே இறங்கி, திரும்ப ஏறாவிட்டால், முடிந்த டாஸ்க்குகள் உங்கள் பட்டியலிலேயே தேங்கியிருக்கின்றன. மறுபடி எழுப்பும் இடத்தில் 'டன்' ஆனவற்றை நீக்குங்கள். ஆர்பி2040-இன் மொத்த ரேம் 264 கிலோபைட், அதில் ஹீப்புக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இங்கே கசிவு சீக்கிரமே தலைகாட்டிவிடும்.

அறிகுறி: வாட்ச்டாக் இருந்தும் தொங்கிய நிரலை மீட்கவில்லை

வாட்ச்டாக் என்பது கெடுவுக்குள் நிரலிடமிருந்து சைகை ('தீனி') வராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் வன்பொருள். அதற்குத் தீனி போடுவது யார் என்று பாருங்கள். வன்பொருள் டைமரின் கால்பேக்கிலிருந்து போட்டால், லூப் செத்துக் கிடந்தாலும் தீனி போய்க்கொண்டே இருக்கும். தனி டாஸ்க்கிலிருந்து போட்டால் லூப் உறைந்ததைப் பிடிக்கும், ஆனால் சென்சார் டாஸ்க் மட்டும் செத்ததைப் பிடிக்காது. ஒவ்வொரு முக்கிய டாஸ்க்கும் தன் சுற்று முடிந்ததும் நேரத்தைக் குறித்து வைக்கட்டும். தீனி டாஸ்க் எல்லாக் குறிப்புகளும் புதியவை என்றால் மட்டும் தீனி போடட்டும்.

ஆர்பி2040-இல் வாட்ச்டாக்கின் அதிகபட்சக் கெடு 8388 மில்லிசெகண்ட். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்தவும் முடியாது. கண்ட்ரோல்-சி அடித்து ப்ராம்ப்ட்டுக்கு வந்த சில நொடிகளில் போர்டு ரீசெட் ஆவது அதனால்தான், அது கோளாறு அல்ல. நிரல் எழுதும் காலத்தில் ஒரு கொடியை வைத்து அதை அணைத்து வைத்திருங்கள்.

அறிகுறி: ஆர்பி2040-இல் 'கோர்1 இன் யூஸ்' என்று பிழை

இது கூட்டு டாஸ்க்குகளைச் சேர்ந்ததல்ல. இரண்டாவது கோரில் 'த்ரெட்' மாட்யூல் வழி தொடங்கிய வேலை இன்னும் ஓடுகிறது. அதற்கு கேன்சல் என்ற வசதியே இல்லை. ஒரு பொதுக் கொடியை வைத்து, அந்தச் சுழல் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்துத் தானே வெளியேறும்படி எழுதுங்கள். கொடியை இறக்கும் வரி பத்திரநிலையில் இருக்கட்டும்.

சரியானதா என்று எப்படிச் சோதிப்பது

பிழை வருமென்று காத்திருக்காமல் நீங்களே வரவழையுங்கள். ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு சோதனை மாறி வையுங்கள், அது ஆன் என்றால் 10 நொடிக்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு எக்ஸெப்ஷன் எழட்டும். ஹீட்டர் பின்னில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டாஸ்க்காகக் கொல்லுங்கள். எதைக் கொன்றாலும் மீட்டர் 0 வோல்ட்டுக்கு வர வேண்டும். அடுத்து ஓட்டத்தின் நடுவே சென்சார் ஒயரைப் பிடுங்குங்கள். பிறகு கண்ட்ரோல்-சி அடித்து, ரீசெட் செய்யாமலே மறுபடி ஓட்டி, அச்சு இரட்டிப்பாகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகள் நடக்கும்போது ஹீட்டருக்குப் பதில் ஒரு எல்இடியும் ரெசிஸ்டரும் மட்டும் இணைந்திருக்கட்டும்.

வாட்ச்டாக் ரீசெட் மட்டும் மேலே எழுதிய எந்த ஃபைனலியையும் ஓட்டாது. மின்சாரம் போய் வந்தாலும் அப்படித்தான். அதற்கு இரண்டு ஏற்பாடுகள். மெயின் ஃபைலில் வைஃபை, சென்சார் எதையும் தொடங்குவதற்கு முன், முதல் வேலையாகப் பத்திரநிலையை அழையுங்கள். ரீசெட் ஆனதிலிருந்து அந்த வரி வரும்வரை பின்கள் பொதுவாக இன்புட்டாக, உறுதியாக இழுக்கப்படாத நிலையில் நிற்கும். அந்த இடைவெளிக்கு நிரலால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே ஹீட்டரை இயக்கும் மாஸ்ஃபெட்டை (மின் சுவிட்ச்) அணைத்தே வைக்க, அதன் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்துவிடுங்கள்.